தூணுக்குள்ளே எவர்சில்வர்

அன்புள்ள கயல்,

2025-இல் திறந்த பாம்பன் புதுப் பாலத்தில் எவர்சில்வர் கம்பி போட்டிருக்கிறார்களாமே, அது ஆடம்பரமில்லையா என்று கேட்டிருந்தாய். சிவில் படிக்கிற பெண் கேட்கவேண்டிய கேள்விதான். ஆடம்பரம் இல்லை, அதற்காக எல்லாப் பாலத்துக்கும் அது தேவை என்றும் இல்லை.

நல்ல கான்கிரீட்டுக்குள் கிடக்கும் சாதாரணக் கம்பி லேசில் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மையே அதற்குக் காவல். கடலோரத்தில்தான் வம்பு. உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் காவல் உடைந்துவிடும். துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கடலோரப் பழைய வீடு ஒன்றின் பால்கனிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்: கம்பி ஓடும் கோட்டிலேயே விரிசல், பழுப்புக் கறை, பெயர்ந்து தொங்கும் கான்கிரீட்.

எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படியும். கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். மாலிப்டினம் சேர்ந்த ரகங்கள் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும்.

இதற்குச் சாட்சி மெக்சிகோவின் புரோக்ரெசோ துறைமுகத்தில் நிற்கிறது. 1941-இல் கட்டி முடித்த நீண்ட கடற்பாலம் அது. உள்ளே 304 ரக எவர்சில்வர் கம்பி. இன்றும் உழைக்கிறது. அதன் பக்கத்திலேயே சில பத்தாண்டுகள் கழித்து, சாதாரணக் கம்பி வைத்து இன்னொன்று கட்டினார்கள். பின்னால் வந்தது முந்திச் சிதைந்தது. மொட்டைத் தூண்கள்தான் மிச்சம்.

விலைதான் இடிக்கும். சாதாரணக் கம்பியைப்போலப் பல மடங்கு. ஆகவே அலை தெறிக்கும் தூண் பகுதி, தண்ணீர் ஒழுகும் இணைப்பு ஓரங்கள், பின்னால் ஆள் ஏறிப் பழுதுபார்க்க முடியாத மூலைகள் ஆகியவற்றுக்கு மட்டும் போட்டு, மற்ற இடங்களில் சாதாரணக் கம்பி வைப்பதே கெட்டிக்காரத்தனம். அடர்த்தியான கான்கிரீட்டும் கம்பியை மூடும் போதுமான கவரும் இல்லாமல் எவர்சில்வரை மட்டும் நம்புவது என் பார்வையில் சோம்பேறித்தனம். இன்னொன்று: கட்டுக்கம்பியும் எவர்சில்வராகவே இருக்கட்டும். சைட்டில் அதைத்தான் மறப்பார்கள்.

டெண்டர் விலையை மட்டும் பார்க்காதே. நூறு வருஷத்தில் எத்தனை முறை சாரம் கட்டி, போக்குவரத்தை நிறுத்தி, ஒட்டுப்போட வேண்டியிருக்கும் என்ற கணக்கையும் போட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா