நாற்பத்தெட்டு மணி நேரப் படம்

கேள்வி: 48 மணி நேரக் குறும்படப் போட்டிகளால் என்ன பயன்? நல்ல நடிப்பை ரசிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் போதாதா?

பதில்: 2001-இல் வாஷிங்டனில் தொடங்கியது ‘48 ஹவர் ஃபிலிம் புராஜெக்ட்’. வெள்ளி மாலை சீட்டெடுத்தால் படத்தின் வகை தெரியும். ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் எல்லா அணிக்கும் பொது. ஞாயிறு மாலைக்குள் படத்தை ஒப்படைக்க வேண்டும். கதையை யோசிப்பதிலேயே சனிக்கிழமை விடிந்துவிடும். முதலில் அடிபடுவது ஒத்திகைதான்.

ஒத்திகையின் அருமை தெரிய ‘அடலசன்ஸ்’ (2025) தொடரைப் பாருங்கள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டில்லாத ஒரே ஷாட்; ஒத்திகை இல்லாமல் அது நடக்காது. மூன்றாம் பகுதியில் உளவியலாளர் எதிரே உட்கார்ந்திருக்கும் ஓவன் கூப்பருக்குத் திரையில் அதுதான் முதல் வேடம். அந்தச் சிறுவன் சீறி எழும் இடத்தில் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை!

போட்டிக்கும் போங்கள். ஆனால் வெள்ளி இரவே நடிகர்களை உட்காரவைத்து வசனம் பேசவையுங்கள்.