வியாழனைப் படம்பிடிக்கப் போகிறீர்களா? மொட்டை மாடிக் குறிப்புகள்

பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு ஆசையாக வாங்கிய தொலைநோக்கி பரணில் தூங்கும் வீடுகள் உண்டு. அதை இறக்கித் தூசி தட்டினால், கையிலுள்ள செல்போனையே வைத்து வியாழனையும் சனியையும் படமெடுக்கலாம். கேமரா வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம். முதலில் கவனிக்க வேண்டியது காற்றை.

1. நாசா படங்களை மனதில் வைத்துக்கொண்டு மாடி ஏறாதீர்கள். வானத்தில் வியாழனின் அகலம் நிலவின் அகலத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். 1200 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கி உண்டாக்கும் வியாழனின் பிம்பம் கால் மில்லிமீட்டர். கசகசாவை விடச் சின்னது. அந்தப் பொட்டுக்குள்தான் பட்டைகளும் சிவப்புப் புள்ளியும் இருக்கின்றன. 70 மி.மீ. வாயகலம் இருந்தாலே நான்கு நிலவுகள், இரண்டு கரும்பட்டைகள், சனியின் வளையம் மூன்றும் கிடைத்துவிடும். சிவப்புப் புள்ளி தெளிவாக வேண்டுமென்றால் ஐந்தாறு அங்குலம் தேவை.

2. எப்போது எடுப்பது என்று பஞ்சாங்கத்தைப் பாருங்கள். கேலி இல்லை. குரு, சனி, செவ்வாய் மூன்றும் வக்கிரத்தில் இருக்கும் காலத்தின் நடுப்பகுதியில்தான் பூமிக்கு மிக அருகில் வருகின்றன. இரவு முழுவதும் வானில் இருக்கின்றன. வக்கிர ஆரம்பத்துக்கும் நிவர்த்திக்கும் நடுநாளைக் குறித்துக்கொண்டால் போதும். சனிக்கு அந்த நேரம் 2026 அக்டோபர் முதல் வாரம். வியாழனும் செவ்வாயும் 2027 பிப்ரவரியில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வருகின்றன. செவ்வாய்க்கு இந்த வாய்ப்பு சுமார் 26 மாதத்துக்கு ஒரு முறைதான் என்பதால் அதைத் தவற விடாதீர்கள்.

3. கை பழகும் வரை நிலவை மட்டும் எடுங்கள். பௌர்ணமியன்று வேண்டாம், நிழலே இல்லாமல் தட்டையாக விழும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் பள்ளங்களின் விளிம்பில் நிழல் விழும்போது எடுத்துப் பாருங்கள்.

4. இனி காற்று. பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி, நள்ளிரவு வரை அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். தட்டோடு பதித்த தளமும் அப்படித்தான். அந்த அனல் மேலே எழும்போது வியாழன் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் இதைச் சரி செய்ய முடியாது. மாலையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி விட்டால் தளம் கொஞ்சம் சீக்கிரம் ஆறும். அதைவிட நல்லது, பின்னிரவு வரை காத்திருப்பது. பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி, தகரக் கூரை இவற்றுக்கு மேலாகப் பார்க்க வேண்டியிருந்தால் தொலைநோக்கியை நகர்த்தி வையுங்கள்.

நட்சத்திரங்கள் படபடவென்று மின்னுகிற இரவு கண்ணுக்கு அழகு, படத்துக்கு ஆகாது. லேசான மூட்டத்தோடு காற்றே அசையாமல் புழுங்கும் இரவில்தான் பல சமயம் அருமையான படம் அமையும். வானம் கண்ணாடி மாதிரி இருந்தால்தான் படமெடுக்கலாம் என்பது கோள்கள் விஷயத்தில் சரியல்ல. தெரு விளக்கும் இதற்கு எதிரியல்ல. நகரத்து நடுவிலிருந்தே எடுக்கலாம்.

5. கோள் உச்சிக்கு ஏறும் வரை பொறுங்கள். தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி தடிமனான காற்றைத் துளைத்து வருவதால் ஓர் ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் நீலமாகவும் பிசிறும். இதில் நமக்கு யோகம் அதிகம். 2018-ல் சனி தனுசு ராசியில் இருந்தபோது லண்டன்காரர்களுக்கு அது அடிவானத்திலிருந்து 16 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. சென்னையில் 54 டிகிரி வரை ஏறியது. பிலிப்பைன்ஸில் உள்ள செபு நகரம் கன்னியாகுமரியைப் போலவே பூமத்திய ரேகையை ஒட்டியது. அங்கிருந்து 2006 பிப்ரவரியில் கிறிஸ்டோபர் கோ எடுத்த படங்களில்தான் வியாழனின் ஒரு வெள்ளைச் சுழல் சிவப்பாக மாறியிருப்பது முதலில் தெரிந்தது.

6. தொலைநோக்கியை ஏசி அறையில் வைத்திருந்தால், மாடிக்குக் கொண்டு போனதும் மூடியைத் திறக்காதீர்கள். ஈரக்காற்று பட்டதும் கண்ணாடி வியர்த்துவிடும். ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும். பனி இறங்கினால் பழைய யோகா மேட்டைச் சுருட்டி முன்வாயில் குழாய் மாதிரி செருகுங்கள். வியர்த்த கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது.

7. போட்டோ எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள். மற்ற எல்லாக் குறிப்பையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நெளியும் காற்று நொடிக்குள் சில கணம் அமைதியாகும். ஒற்றை க்ளிக் அந்தக் கணத்தில் விழுவது குருட்டு அதிர்ஷ்டம். நொடிக்கு 30 சட்டம் வீதம் இரண்டு நிமிடம் எடுத்தால் 3600 படங்கள். அவற்றில் தெளிவானவை பத்து, இருபது சதவீதம் தேறும். அவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளிப் புள்ளியான இரைச்சல் அடங்கிப் பட்டைகள் எழுந்து வரும். வியாழனுக்கு இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடும் கோள் அது. நீட்டினால் விவரம் இழுபடும். சனிக்கு ஐந்து நிமிடம் போகலாம்.

8. செல்போனின் தானியங்கி அமைப்பு கறுப்பு வானத்தைப் பார்த்து ஏமாந்து, வியாழனை வெள்ளை உருண்டையாக்கிவிடும். ப்ரோ மோடுக்குப் போய் ஐஎஸ்ஓவை 100, 200 அளவுக்கு இறக்கி, பட்டைகள் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அப்போது நிலவுகள் மறைந்து போகும். இரண்டும் ஒரே படத்தில் வராது. சனிக்கு வெளிச்சம் கூட்ட வேண்டும். வியாழனுக்குக் கிடைக்கும் சூரிய ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை. டிஜிட்டல் ஜூமைத் தொடாதீர்கள்.

9. ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே படம் குதிக்கும். துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் குமிழில் கவ்வ விடுங்கள். அதன் வால் நுனியை ஒரு விரலால் தள்ளினால் குமிழ் மயிரிழை மயிரிழையாகத் திரும்பும், அதிர்வும் குறையும். வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி வியாழனின் நிலவுகளைப் பாருங்கள். அவை ஊசிமுனையாகச் சுருங்கும் இடமே சரியான ஃபோகஸ். பிறகு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

10. போனைக் கையால் பிடித்து எடுப்பது வீண் வேலை. ஐபீஸில் மாட்டும் ஹோல்டர் வாங்கிவிடுங்கள்; இதில் சிக்கனம் வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி முக்காலியின் கால்களுக்கு அடியில் வையுங்கள். வீட்டார் யாரும் மாடியில் நடக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

11. கோளைத் தானாகப் பின்தொடரும் மோட்டார் இல்லையா? கோளைச் சட்டத்தின் ஒரு ஓரத்தில் நிறுத்தி, மறு ஓரம் வரை நகர விட்டுப் பதிவு செய்யுங்கள். இப்படிச் சில துண்டுகள் எடுத்தால் போதும். பிப் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு சட்டத்திலும் கோளை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். அடுக்குவதற்கு ஆட்டோஸ்டாக்கர்ட், கூர்மையாக்க ரெஜிஸ்டாக்ஸ், இவையும் இலவசமே. கூர்மையாக்கும்போது கை நீளும், ஜாக்கிரதை. விளிம்பைச் சுற்றி வளையம் வளையமாக வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

12. கொசுவர்த்தியைத் தொலைநோக்கியின் முன்வாய்ப் பக்கம் வைக்காதீர்கள். புகையும் சூடும் படத்தில் தெரியும். கொசு விரட்டும் களிம்பு தடவிய கையோடு ஐபீஸைத் தொடவும் வேண்டாம். களிம்பில் டீட் இருந்தால் பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

13. மாலையில் வெள்ளியின் பிறையை எடுக்க ஆசைப்பட்டால், சூரியன் முழுதாக மறைந்த பிறகே தொலைநோக்கியைத் திருப்புங்கள். சூரியன் ஒரு நொடி உள்ளே வந்தாலும் கண் போய்விடும்.

14. ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். கடலோர ஊர்களில் வில்லைக்குள் பூஞ்சை பிடித்தால் எடுப்பது கஷ்டம்.

15. கோப்பின் பெயரில் தேதி, நேரம், தொலைநோக்கியின் அளவு மூன்றையும் எழுதுங்கள். 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் ஆந்தனி வெஸ்லி தன் வீட்டுப் பின்புறத்திலிருந்து வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புதிதாக ஒரு கரும்புள்ளியைக் கண்டார். ஏதோ ஒன்று வியாழனில் மோதிய தழும்பு அது. பிறகுதான் நாசா தன் கருவியைத் திருப்பி உறுதி செய்தது. பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் வியாழன் பிரிவு இன்றும் இப்படி வீட்டிலிருந்து எடுத்த படங்களைப் பெற்று ஆராய்கிறது. அனுப்புவதானால் உலக நேரத்தைக் குறிப்பிட வேண்டும். நம் கடிகார நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்துக்கொள்ளுங்கள். பின்னிரவில் எடுத்த படத்துக்குத் தேதியும் ஒரு நாள் பின்னால் போகலாம்.