ஆடையை அரிக்கும் பூச்சிகள்

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பூமியிற் பிறந்தோர்க்குப் புழு என்றவுடன் நினைவிற்கு வருவது பருத்திக் காய்ப்புழுவேயாம். 1901ஆம் ஆண்டில் அவ்வூரில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது; கருங்கண்ணிப் பருத்தியினின்று நல்வித்துக்களைத் தெரிந்தெடுத்தல் அதன் முக்கியப் பணிகளுள் ஒன்றாயிற்று. வயலிற் காயைத் துளைக்கும் புழுவைக் கண்டு பழகிய நம்மவர், பெட்டியிலிருந்து எடுத்த துணியில் ஓட்டை காணின், அதுவும் பஞ்சுண்ணும் புழுவொன்றின் செயலே எனக் கருதி, வேஷ்டி, புடைவை, கம்பளி என்னும் வேறுபாடின்றி அந்துருண்டையை அள்ளியிடுகின்றனர். இவ்வழக்கம் வீண்செலவு மட்டுமன்று. சில வேளைகளில் உயிர்க்கே தீங்காகவும் முடியும். ஆதலின் எப்பூச்சி எத்துணியை உண்ணும் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

வயலிலுள்ள இளஞ்சிவப்புக் காய்ப்புழுவே உண்மையிற் பஞ்சை நாடுவதன்று; பஞ்சினுள்ளிருக்கும் விதையை நாடுவது. பெட்டியிலுள்ள அந்துவோ விதையையும் வேண்டாது, பஞ்சையும் வேண்டாது. வைக்கோல் நிறமுடைய அச்சிறு பூச்சி வெளிச்சத்திற்கு அஞ்சி மடிப்புக்களுக்குள் ஒளிவது. இறகு முளைத்த பின் அஃது உணவே கொள்வதில்லை. எனவே நம் துணியைத் தின்பது பறக்கும் பூச்சியன்று, அதன் புழுவேயாம். பெண் பூச்சி ஏறக்குறைய 40 அல்லது 50 முட்டைகளை நூலிழைகளினிடையே இட்டு மாய்கின்றது. அவற்றினின்று தோன்றும் புழு, கெரட்டின் என்னும் பொருளை உண்டு வளர்கின்றது. உரோமம், இறகு, கொம்பு, நம் நகம் ஆகியவையெல்லாம் இப்பொருளால் ஆனவை. கந்தகப் பிணைப்புக்களால் இறுகிய இதனைச் செரிக்கவல்ல பிராணிகள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் அந்துப்புழுவும் ஒன்று. பருத்தியோ செல்லுலோசினால் ஆயது. வியர்வையோ உணவுக் கறையோ படிந்த பருத்தித் துணியை அப்புழு கடித்தல் கூடும். தூய பருத்தியை உண்டு அஃது உயிர் வாழாது.

நம் பக்கத்து வேம்பூர் ஆடுகள் மயிராடுகளேயாதலின், இங்குள்ள கம்பளிகள் வெளியூர்ச் சரக்கே. விலை கொடுத்து வாங்கிய அவற்றை நாம் மார்கழிக் குளிர் தீர்ந்ததும் துவையாமலே மடித்து வைக்கின்றோம். எம் அத்தையார் ஒருவர் தம் மணக்காலத்துச் சால்வையை நாற்பது ஆண்டு பேணிப் பின் ஓராண்டு மட்டும் பெட்டியைத் திறவாதிருந்தார். மறுவருஷம் அதனை விரித்தபோது, வெளிச்சம் அதனூடே சல்லடையிற் புகுவது போற் புகுந்தது. அவர் அழவில்லை, "என் கைவாகு தப்பிப்போயிற்று" என்று மட்டும் கூறினார்.

கஞ்சியிட்ட வேஷ்டியை அரிப்பது வேறொரு பூச்சி. வெள்ளி நிறமாய் வழுக்கியோடும் இராமபாணப் பூச்சி மாப்பொருளை மிக விரும்பும். புத்தகக் கட்டுப்பசையைத் தின்பதும் இதுவே. நெடுநாள் வைத்தற்குரிய துணியைக் கஞ்சி போக அலசி, ஈரமறக் காயவைத்து மடிப்பின் இதற்கு அங்கு வேலையில்லை. கறையானைப் பற்றி நம்மூரார்க்கு ஒருவர் சொல்லவேண்டுவதில்லை. எனினும் ஒன்று கூறுவேன்: கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதால் சுவரும் தளமும் விரிசல் காண்கின்றன, அவ்விரிசல் வழியே அது வீட்டினுட் புகுகின்றது. மரப்பெட்டியைத் தரையிலிருந்து கல்லின்மேல் உயர்த்தி, சுவரைத் தொடாமல் வைத்தால், அது மண் வழி கட்டி ஏறுவது நம் கண்ணிற்படும்.

இனி அந்துருண்டை. பாச்சை உருண்டை என்றும் வழங்கும் இது நாப்தலீன் அல்லது பாரா-டைகுளோரோபென்சீன் என்னும் பொருளாலானது. இரண்டையும் ஒருங்கிடின் உருகிக் கறை படுத்தும். இதன் ஆவி காற்றினும் கனமானதாதலின் துணிகளின் மேலே வைத்தல் வேண்டும். பெட்டியும் இறுக மூடியிருத்தல் வேண்டும். காற்றோட்டமான அலமாரியில் இட்டால் அந்து சாவதில்லை. நாமே அவ்வாவியைச் சுவாசிக்கின்றோம். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாப்தலீன் உருண்டைகளைத் தடை செய்தது.

நம் வீடுகளில் இதனினும் கவலைக்குரியதொன்று உண்டு. பிறந்த குழந்தையைப் புதுத்துணியிற் கிடத்தலாகாதென்று, பாட்டியின் பெட்டியிலிருந்து மெத்தென்ற பழம்புடைவையை எடுத்துச் சுற்றுவது வழக்கம். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த சிசுக்கள் சில உள. நாப்தலீன் ஏறிய துணி அவர்கள் மேனியிற் பட்டாலும், அதன் ஆவியை அவர்கள் முகர்ந்தாலும், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுங்காமாலை உண்டாகலாம். எச்சிசுவுக்கு அக்குறை உண்டென்பது பார்த்த மாத்திரத்தில் விளங்காது. நாப்தலீனோ நீரிற் கரைவது மிக அரிது. ஒரு முறை அலசுவதால் அது நீங்கிவிடாது. பருத்திக்கு அந்துருண்டையே வேண்டாததென்று மேலே கண்டோமன்றோ? பிள்ளைக்கென வைக்கும் பழந்துணிப் பெட்டியில் அதனை இடவே வேண்டுவதில்லை.

கம்பளிக்கோ நம் ஊர் வெயிலே நன்மருந்து. புழுவும் முட்டையும் 50 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் நில்லா. சித்திரை நடுப்பகலில் தகரத்தின் மேல் விரித்த கம்பளி அவ்வளவுக்குக் காய்தல் கூடும். இருபுறமும் திருப்பிப் போட்டு, உதறி, மடிப்போரங்களைத் தூரிகையால் துடைத்தல் நலம். பட்டுக்கு இம்முறை ஆகாது, நிறம் வெளுக்கும். பட்டை நிழலில் ஆற்றி, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி, இரண்டு மூன்று திங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றி வைத்தால், அந்து வந்தாலும் உடனே தெரியும். சரிகையும் ஒரே மடிப்பில் ஒடியாது. வசம்பின் நெடி பூச்சிகளுக்கு ஒவ்வாது. மணம் குன்றியதும் புதிதாக மாற்றுக. உலர்ந்த வேப்பிலையின் மீது எனக்கு அத்துணை நம்பிக்கை இல்லை. முட்டையிட்டபின் அஃது ஒன்றும் செய்யாது. குளிர்ப்பெட்டி உள்ள வீட்டார், அந்து கண்ட சால்வையைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வாயை இறுக்கி, உறைபகுதியில் ஒரு வாரம் வைத்து எடுப்பாராக. எடுத்தவுடன் பிரியாமல், உறையின் வெளிப்புறத்து ஈரம் உலர்ந்த பின்னரே பிரித்தல் வேண்டும்.