நெடுநாள் அளவீடும் தரவுக் காப்பும்

ஹவாய்த் தீவிலுள்ள மௌனலோவா மலைமீது, காற்றிற் கலந்த கரியமில வாயுவை அளக்கும் பணியைச் சார்லஸ் கீலிங் என்னும் அறிஞர் 1958-ஆம் ஆண்டில் தொடங்கினார். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அம்மலை கக்கிய எரிகுழம்பு மின்தொடரை அறுத்தது. அங்கு அளவீடு நின்றது. சென்ற நாளின் காற்றை மீண்டும் அளத்தல் எவர்க்கும் இயலாது. மின்சாரம் நின்றபின் வரவேண்டிய அளவுகளை இழத்தல் சில வேளை தவிர்க்கவொண்ணாதது. ஆயின் முன்னரே பெற்ற அளவுகளையும் உடன் இழத்தல் தவிர்க்கத்தக்கதே.

இக்கேடு நேருமாறு யாது? கருவி அனுப்பும் எண்களைக் கணிப்பொறி உடனுக்குடன் வட்டில் எழுதுவதில்லை. தற்காலிக நினைவகத்திற் சிறிது திரட்டிப் பின்னரே எழுதும். இடையில் மின்சாரம் நிற்பின் திரட்டியவை மறையும். அன்றியும், சிலவகைக் கோப்புகள் தம்முள் ஒரு பொருளட்டவணையைக் கொண்டுள்ளன. அது பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடின், எண்கள் வட்டில் இருந்தும் கோப்பு திறவாது போதல் கூடும்.

இதற்குப் பரிகாரம் நான்கு. முதலாவது, கோப்பைப் பகுத்தல். வினாடிக்கு ஓரளவு எடுப்பின் ஒரு நாளில் 86,400 அளவுகளும், ஏழு நாளில் 6,04,800 அளவுகளும் சேரும். அனைத்தையும் ஒரே கோப்பில் இடுவோன் அனைத்தையும் ஒருங்கே இழக்க நேரும். மணிக்கொரு கோப்பாகப் பகுத்து, முடிந்ததை மூடிவிடின், நடப்புக் கோப்பு முற்றும் கெடினும் இழப்பு 3,600 அளவுகளுக்கு மேற்படாது. இரண்டாவது, ஒவ்வோரளவையும் நேரத்துடன் தனி வரியாக ஈற்றிற் சேர்த்தல். இறுதி வரி சிதையினும் முந்திய வரிகளைப் படிக்கலாம். மூன்றாவது, குறித்த இடைவெளிதோறும் நினைவகத்திலுள்ளவற்றை வட்டிற் பதிக்குமாறு கட்டளையிடல். இதனை மிக அடிக்கடி செய்யின் வேகம் குன்றும். அரிதாகச் செய்யின் இழப்பு மிகும். நான்காவது, முடிந்த கோப்புக்குச் சரிபார்ப்பெண் கணித்து, வேறொரு வட்டிற் படியெடுத்தல். படியிற் கணித்த எண்ணும் அதனோடு ஒத்திருப்பின் படி பழுதற்றதெனக் கொள்ளலாம்.

துணை மின்கலம் வைத்தலும், வட்டில் இடம் போதுமாவென முன்னரே கணக்கிடுதலும் வேண்டுவனவே. ஆயினும் மின்கலமும் ஓயும். இயக்க நிரலும் இடையில் நிற்கும். ஆதலின் மாணவர்கள் உண்மையான அளவீட்டைத் தொடங்குமுன், பயனற்ற மாதிரி எண்களைக் கொண்டு நிரலை ஓடவிட்டு, நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, எஞ்சிய கோப்புகள் படிக்கத்தக்கனவோ என்று பார்த்தல் நன்று. அச்சோதனைக்குச் செல்வது அரைமணி. அதனைச் செய்யாது விடின் இழக்கக்கூடுவது பல நாளைய உழைப்பு.