இரண்டு வழிகள் வேண்டும்

கடைக்காரர் தம் கணக்கு நோட்டை மேசை அறையில் வைத்துப் பூட்டிவிடலாம். ஆனால் நூற்றுக்கணக்கான கணிப்பொறிகள் இரவும் பகலும் எழுதும் வங்கிக் கணக்கை எங்கே வைப்பது? தோழியரே, இதற்காக அமைந்ததே சேமிப்பக வலையமைப்பு. எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவாக ஒரு களஞ்சியம். அதை அடையத் தனியான ஒளியிழைப் பாதைகள்.

களஞ்சியத்தில் பல வட்டுகள் உண்டு. ஒன்று பழுதானால் என் செய்வது? நம் கணக்குப் பாடமே விடை கூறும். முதல் வட்டில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 12 என எழுதுவோம். இரண்டாவது கெட்டாலும், 12இல் 7 போக 5 கிடைத்துவிடும் அல்லவா? இத்தகைய முறையில்தான் இழந்த தரவை மீட்கின்றனர். மேலும், ஒவ்வொரு கணிப்பொறியிலிருந்தும் இரண்டு கம்பிகள், இரண்டு சுவிட்சுகள் வழியாகக் களஞ்சியத்தை அடையும்.

இரண்டு இருந்தால் மட்டும் போதுமா? 2021 பிப்ரவரி 24 அன்று மும்பை தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு வணிகம் நின்றது, மாலை 3.45க்கே மீண்டும் தொடங்கியது. முதன்மை மையத்தையும் அருகிலிருந்த துணை மையத்தையும் இரு நிறுவனங்களின் தொலைத்தொடர்பு இணைப்புகள் சேர்த்திருந்தன. சாலையில் பள்ளம் தோண்டியதால் இரண்டுமே பழுதாயின. அதனால் சேமிப்பக வலையமைப்பும் செயலிழந்தது என்று சந்தையே விளக்கியது. சென்னையில் பேரிடர் கால மையம் இருந்தும் அன்று வணிகம் அங்கு மாற்றப்படவில்லை. அடுத்த மாதமே செபி அமைப்பு விதி வகுத்தது: தடை ஏற்பட்ட 30 நிமிடங்களுக்குள் பேரிடர் என அறிவித்து, அடுத்த 45 நிமிடங்களுக்குள் மாற்று மையத்துக்குச் செல்ல வேண்டும்.

ஒரே ஆபத்து இரண்டையும் தாக்குமானால் அவை இரண்டல்ல, ஒன்றுதான்! பாதைகள் வெவ்வேறு தெருக்களில் செல்லவேண்டும்; நகல் வேறு ஊரில் இருக்கவேண்டும்; அதற்கு மாறும் பயிற்சியையும் அவ்வப்போது செய்து பார்க்கவேண்டும்.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைக் கண்ட பெரும்பாக்கத்தினராகிய எங்களுக்கு இது எளிதில் விளங்கும். 2015இல் சான்றிதழ்களை இழந்தோருக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் வழங்கியது. வீட்டுப் பெட்டி நனைந்தாலும் அலுவலகப் பதிவு பிழைத்திருந்ததால்தான் அது இயன்றது. ஆகவே பெற்றோரே, நம் மதிப்பெண் சான்றிதழ், பட்டா ஆகியவற்றின் நகல்களை வெளியூர் உறவினர் வீட்டிலும் வைப்போம். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!