ஹார்மோன் வேடமிட்ட உலோகம்

நம் உடலுக்குள் ஓயாமல் செய்தி சுமந்து செல்லும் தூதர்கள் உள்ளனர். அவர்களே ஹார்மோன்கள். ஒரு சுரப்பியில் உருவாகும் ஹார்மோன், இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. ஆயினும், எல்லா உயிரணுக்களும் அதன் செய்தியைப் பெறுவதில்லை. அந்த ஹார்மோனுக்குரிய ‘ஏற்பி’ எந்த உயிரணுவில் உள்ளதோ, அதுவே அச்செய்தியைப் பெறும். ஏற்பி ஒரு பூட்டு என்றால், ஹார்மோன் அதற்கேற்ற சாவி.

சில புற்றுநோய்க் கட்டிகளில் குறிப்பிட்ட ஏற்பிகள் அளவுக்கு அதிகமாக இருக்கும். கணையம், சிறுகுடல் போன்ற உறுப்புகளில் தோன்றும் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் இதற்குச் சான்று. இவற்றின் மேற்பரப்பில் சோமடோஸ்டாட்டின் என்னும் ஹார்மோனுக்குரிய ஏற்பிகள் மிகுதி. இக்கட்டிகளுள் பல மிகச் சிறியவை; மெதுவாக வளர்பவை. கட்டி ஓரிடத்தில்தான் உள்ளதா, கல்லீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டதா என்பது தெரியாமல் மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்கு முடிவெடுக்க இயலாது. ஒளிந்திருக்கும் கட்டியை எப்படிக் காண்பது?

சாவியில் ஒரு சிறு விளக்கைக் கட்டி அனுப்பினால் என்ன? இதுவே அறிவியலாளர்களின் எண்ணம். கதிரியக்க உலோகமே அந்த விளக்கு. அதிலிருந்து எழும் கதிர்களை உடலுக்கு வெளியே உள்ள கருவி படம்பிடிக்கும். சொல்வது எளிது, செய்வது கடினம். உலோகத்தை அப்படியே விட்டால், அது இரத்தத்திலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வழிமாறிப் போகும். ஆகவே, அதனை ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் இறுகப் பிடித்து வைக்க வேண்டும். இவ்வாறு உலோகத்தைச் சுற்றி மற்ற அணுக்கள் பிணைந்திருக்கும் பொருளை அணைவுச் சேர்மம் என்பர். ஆனால், கூண்டு பெரிதானால் சாவி பூட்டுக்குள் நுழையுமா?

இதற்கு இரு வழிகள் ஆராயப்பட்டன. முதல் வழி, உலோகத்தையே ஹார்மோனின் உடலாக மாற்றுவது. பெண்மை ஹார்மோனான எஸ்ட்ராடயோல், நான்கு வளையங்கள் கொண்ட சிறிய மூலக்கூறு. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்சநெலன்போகன் குழுவினர், இத்தகைய வளையங்களில் சிலவற்றுக்குப் பதிலாக உலோகக் கூண்டை அமைத்து, ஹார்மோனின் வடிவத்தை ஒத்த சேர்மங்களை உருவாக்க முயன்றனர். டெக்னீசியம் முழுவதும் கதிரியக்கம் உடையது. அதனால், தனிம அட்டவணையில் அதற்குக் கீழே உள்ள ரேனியத்தைக் கொண்டு முதலில் சோதித்துப் பார்த்தனர். வடிவம் ஏறத்தாழப் பொருந்தியது. ஆனால், வடிவம் மட்டும் போதவில்லை. இத்தகைய சேர்மங்கள் கொழுப்பில் எளிதில் கரைபவை. எனவே, அவை ஏற்பியைத் தேடிச் செல்லும் வழியிலேயே கொழுப்புத் திசுவிலும் கல்லீரலிலும் தங்கிவிடும் சிக்கல் எழுந்தது.

இரண்டாவது வழி, சாவியின் பல் பகுதியைத் தொடாமல், அதன் கைப்பிடியில் விளக்கைத் தொங்கவிடுவது. சோமடோஸ்டாட்டின் 14 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அது இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதன் பணிக்கு இன்றியமையாத நான்கு அமிலங்களின் வரிசையைப் பின்பற்றி, எட்டு அமிலங்கள் கொண்ட ‘ஆக்ட்ரியோடைடு’ உருவாக்கப்பட்டது. கண்ணாடிப் பிம்பம் போன்ற வடிவமுடைய அமிலங்களும் அதில் சேர்க்கப்பட்டன. உடலின் நொதிகளால் அவற்றை எளிதில் வெட்ட முடிவதில்லை. இதன் ஒரு முனையில் கூண்டைப் பிணைத்து, அதற்குள் இண்டியம்-111 என்னும் உலோகத்தை வைத்தனர். இம்மருந்து 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பின்னர், இதே முறையில் காலியம்-68 பயன்பாட்டுக்கு வந்தது. அதன் அரை ஆயுள் காலம் 68 நிமிடங்களே. அதனால், நோயாளியின் உடலில் கதிரியக்கம் விரைவில் குறைந்துவிடும். இவ்வளவு விரைவில் அழியும் பொருளை மருத்துவமனை எப்படிப் பெறுகிறது? ஜெர்மானியம்-68 அடங்கிய ஒரு சிறு கருவியிலிருந்து, பசுவிடம் பால் கறப்பதுபோல், தேவைப்படும்போது காலியத்தைக் ‘கறந்து’கொள்கிறார்கள்.

இம்முயற்சி படம்பிடிப்பதோடு நிற்கவில்லை. கூண்டுக்குள் காலியத்துக்குப் பதிலாக லூட்டீசியம்-177 வைக்கப்பட்டால், அதிலிருந்து வெளிப்படும் கதிர்கள் கட்டியின் உயிரணுக்களையே தாக்கி அழிக்கும். 2018-இல் இச்சிகிச்சைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முதலில் விளக்காகச் சென்ற தூதர், பிறகு வாளேந்திச் செல்கிறார்.

இயற்கையின் பூட்டைத் திறக்க, அதன் சாவியை நுணுகி ஆராய வேண்டும். எதனை மாற்றலாம், எதனைத் தொடக்கூடாது என்று அறிந்துகொண்டதே இவ்வெற்றிக்கு வழிவகுத்தது.

சிந்தித்து விடை கூறுக

1. கதிரியக்க உலோகத்தைக் கூண்டுக்குள் வைப்பது ஏன்?
2. முதல் வழியில் ஏற்பட்ட சிக்கலை உன் சொந்த நடையில் விளக்குக.
3. ‘முதலில் விளக்காகச் சென்ற தூதர், பிறகு வாளேந்திச் செல்கிறார்’ என்னும் தொடர் உணர்த்தும் கருத்து யாது?