சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதுமா? வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான வழிகாட்டி



வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆனால் வேலை உறுதியான பிறகுதான் பலர் சான்றிதழ்களைத் தேடி எடுக்கிறார்கள். கம்பெனி சில வாரங்களே அவகாசம் தந்திருக்கும். பட்டச் சான்றிதழோ பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கப்படாமலே கிடக்கும். இந்த அவசரத்தில்தான் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கிறோம். பட்டம் பெற்ற பிள்ளை, 'இப்போதைக்கு இது போதும்' என்று ஏதோ ஒரு கூலித் தொழிலின் பெயரில் விசா எடுத்துப் போவதும் இப்படித்தான் நடக்கிறது. விசாவில் எழுதப்படும் தொழிலைப் பொறுத்தே அங்கே சம்பளமும் அமைகிறது, மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியுமா என்பதும் அமைகிறது. ஆகவே இந்த இதழில் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

முத்திரை எதற்குச் சாட்சி?

சான்றிதழின் பின்புறம் குத்தப்படும் முத்திரைகள் ஒரு சங்கிலி போன்றவை. ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய கையெழுத்து உண்மையானது என்று மட்டுமே சொல்கிறது. அந்தச் சங்கிலி பொதுவாக இப்படி அமையும்:

1. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம். இங்கே உண்மைத்தன்மைச் சான்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ராயப்பேட்டை நியூ காலேஜில் படித்தாலும், தேனாம்பேட்டை எஸ்.ஐ.ஈ.டி. மகளிர் கல்லூரியில் படித்தாலும், பட்டம் வழங்குவது சென்னைப் பல்கலைக்கழகம். எனவே செல்ல வேண்டிய இடம் சேப்பாக்கம். பொறியியல் பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் கிண்டி.

2. மாநில அரசு. பட்டச் சான்றிதழ் தலைமைச் செயலகத்தில் உள்ள உயர்கல்வித் துறையின் சான்றொப்பம் பெற வேண்டும். ஏஜெண்டுகள் 'எச்.ஆர்.டி.' என்று சொல்வது இதைத்தான். பள்ளிச் சான்றிதழ் பள்ளிக் கல்வித் துறை வழியாகப் போகும்.

3. மத்திய வெளியுறவு அமைச்சகம். விண்ணப்பங்களை அமைச்சகம் நம்மிடம் நேரடியாகப் பெறுவதில்லை. அது அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் மூலமே கொடுக்க வேண்டும். முன்பு எல்லாவற்றுக்கும் டெல்லிதான். இப்போது சென்னையிலேயே முடிகிறது.

4. தேவைப்படும் நாடுகளுக்கு, அந்நாட்டுத் தூதரகம்.

வெளியுறவு அமைச்சகம் முத்திரை குத்தும்போது, சான்றிதழின் உள்ளடக்கத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது, எத்தனை முத்திரை இருந்தாலும் படிப்புக்கு உண்மையான சாட்சி சொல்வது முதல் படியில் உள்ள பல்கலைக்கழகமே. முதல் படி உறுதியாக இல்லாவிட்டால் மேலே உள்ளவை நிற்காது.

எந்த நாட்டுக்கு எந்த முறை?

1961இல் ஹேக் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த நாடுகளுக்குள் 'அப்போஸ்டில்' என்ற ஒரே முத்திரை போதும். அதன் பிறகு தூதரகச் சான்றொப்பம் வேண்டியதில்லை. இந்தியா 2005இல் சேர்ந்தது. ஓமன், பஹ்ரைன் ஆகியவை முன்பே சேர்ந்துவிட்டன. சிங்கப்பூர் 2021இலும், சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் சேர்ந்தன. ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார் ஆகியவற்றுக்குத் தூதரக முத்திரை தேவை. அமீரகத்துக்குச் செல்பவர்கள் அங்கே போன பின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் பெற வேண்டும்.

அப்போஸ்டிலுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். சாதாரணச் சான்றொப்பத்துக்கு அமைச்சகக் கட்டணமே இல்லை. இவற்றோடு சேவை நிறுவனத்தின் சிறு கட்டணம் சேரும். பல்கலைக்கழகக் கட்டணமும் தூதரகக் கட்டணமும் தனி. ஏஜெண்ட் ஒரு மொத்தத் தொகை சொன்னால், எந்தப் படிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முத்திரைக்குப் பிறகும் வரும் கேள்வி

போலிகள் பெருகியதால் பல நாடுகள் இப்போது முத்திரையோடு நிற்பதில்லை. படித்த இடத்தையே நேரில் கேட்கின்றன. செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர் போன்றோருக்கு வளைகுடா நாடுகளில் 'டேட்டாஃப்ளோ' என்ற சரிபார்ப்பு உண்டு. அவர்கள் கல்லூரிக்கும், பதிவு செய்த கவுன்சிலுக்கும், வேலை பார்த்த மருத்துவமனைக்கும் எழுதிக் கேட்பார்கள். சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல், எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்கும்போது காட்டப்படும் டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் சரிபார்ப்பு அறிக்கை தர வேண்டும்.

உண்மையாகப் படித்தவர்களும் சிக்கிய ஒரு நிகழ்வு குவைத்தில் நடந்தது. 2018இல், பொறியாளர்கள் இகாமாவைப் புதுப்பிக்கக் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையின்மைச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சங்கம், இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. அங்கீகரித்த படிப்புகளையே ஏற்றது. என்.பி.ஏ. தொடங்கப்பட்டதே 1994இல்தான். அதற்கு முன் படித்து, ஆண்டுக்கணக்கில் அங்கே வேலை பார்த்தவர்கள் அந்த அங்கீகாரத்தை எப்படிக் காட்ட முடியும்? பலருடைய வேலையும் இருப்பும் கேள்விக்குறியாயின. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பொறியியல் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கல்லூரிக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை, பாடப்பிரிவுக்குத் தரப்படுகிறது.

தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் செல்லுபடியாகும் பட்டமாகவே இருந்தாலும், நேரடி வகுப்பில் படித்ததற்குச் சான்று கேட்கும் நாடுகளில் அது தடைப்படலாம். சேரும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நமக்கே உரிய சிக்கல்: பெயர்

நம் சமுதாயத்தில் அதிகம் பேரை நிறுத்தி வைப்பது பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முகமது' என்பதை ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், கல்லூரியில் வேறு விதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் எழுதிவிடுகிறோம். சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் தகப்பனாரின் முழுப்பெயர் இருக்கும். நமக்கு அது ஒரே ஆள். அங்கே கணினி முன் அமர்ந்திருப்பவருக்கு அது இரண்டு ஆள்.

இதைச் சரிசெய்ய நல்ல நேரம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாராகும் சமயம். அப்போது பெற்றோர் ஒருமுறை பள்ளிக்குச் சென்று, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழை சான்றிதழில் வந்துவிட்டால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் திருத்தம் கேட்க வேண்டும். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். பாஸ்போர்ட் இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், சான்றிதழில் உள்ள எழுத்துக்களையே அதிலும் பின்பற்றுங்கள்.

குறுக்கு வழி வேண்டாம்

'டிகிரி இல்லாவிட்டால் என்ன, நான் ஏற்பாடு செய்கிறேன்' என்று சொல்பவர்கள் நம் தெருக்களுக்கும் வருகிறார்கள். அனுபவச் சான்றிதழ் அடித்துத் தருபவர்களும் உண்டு. சிங்கப்பூரில் வேலை அனுமதிக்காகப் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நாடு திரும்பினாலும் அந்தப் பதிவு அழியாது.

சட்டத்துக்கு முன்பே நமக்கு மார்க்கம் இருக்கிறது. பொய்ச்சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று. பொய்ச் சான்றிதழ் என்பது எழுத்தில் உள்ள பொய்ச்சாட்சியம். போலித் தகுதியோடு ஒருவர் மருந்து கொடுத்தாலோ கட்டடம் கட்டினாலோ, அதில் பாதிக்கப்படும் உயிருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். குடும்பத்துக்காகத்தானே என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். ஹலாலான வழி தாமதமானாலும் அதில் பரக்கத் உண்டு.

இப்போதே செய்ய வேண்டியவை

• தற்காலிகப் பட்டச் சான்றிதழோடு நின்றுவிடாமல், பட்டமளிப்புச் சான்றிதழை விண்ணப்பித்து வாங்குங்கள்.

• அசல் சான்றிதழ்களை லேமினேஷன் செய்யாதீர்கள். முத்திரை பதிக்க இடமில்லாமல் போகும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் உறையில் தளர்வாக வைத்தால் போதும்.

• 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளில் எத்தனையோ சான்றிதழ்கள் போயின. நகல் தர அரசு சிறப்பு முகாம் நடத்த வேண்டியிருந்தது. எனவே ஸ்கேன் செய்து வேறோர் இடத்திலும் வையுங்கள், டிஜிலாக்கரிலும் சேருங்கள். தொலைந்திருந்தால், காவல்துறையின் தொலைந்த ஆவண அறிக்கையைப் பெற்று இரண்டாம்படிக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

• வேலை பார்க்கும் இடத்தில் அனுபவச் சான்றிதழை விலகும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். நிறுவனம் மூடப்பட்ட பிறகு சாட்சி சொல்ல ஆளிருக்காது.

• ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் செயல்படுகிறது. அங்கேயும் பதிந்து வையுங்கள்.

• அசல் சான்றிதழை யாரிடம் கொடுத்தாலும், எவை எவை கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது அவரிடம் நீங்கள் ஒப்படைக்கும் அமானத்.

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பிலோ கல்லூரி இறுதியாண்டிலோ ஒரு பிள்ளை இருந்தால், இந்த வாரமே அதன் சான்றிதழ்களை எல்லாம் ஒன்றாக விரித்து வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. எங்கே விண்ணப்பிப்பது, எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். கூட இருந்து எழுதித் தருகிறோம்.

நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாகவும், அவர்கள் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.